பள்ளி: படுக்கையும் பாடசாலையும்



நூல் ஓதுதலை இல்லறத்தார்க்குரிய நாள்தோறும் ஆற்றும் ஆறு கடமைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுவது நம் சமயம். ஆயினும், ஓதுவோரும் எழுதுவோரும் தம் உடம்பை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. இப்பாடம் அவ்வினாவைப் பற்றியது.

முதலில் என் பிழையைக் கூறிவிடுகிறேன். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், நாலடியாருக்குச் சிறுவர்க்கேற்ற எளிய உரை எழுதத் தொடங்கினேன். விடியலில் சாய்வு மேசையின் முன் அமர்ந்தால் உச்சிப்பொழுது வரை எழமாட்டேன். கழுத்து இறுகியது; கால் மரத்தது. 'உடம்பு வேறு, உயிர் வேறு என்று கற்றவள் இதனைப் பொருட்படுத்தலாமா?' என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒருநாள் மரத்த காலுடன் எழுந்தபோது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பல வாரங்கள் எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. உடம்பைப் புறக்கணித்ததால் உரையும் நின்றது. பற்றின்மை என்று நான் எண்ணியிருந்தது உண்மையில் கவனமின்மையே.

கட்டு அவிழ்த்தபின் ஒரு காலைப்பொழுதில் என் பேத்தி என்னை மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலைக்கு அழைத்துச் சென்றாள். அங்குள்ள செட்டிப்பொடவில் அமர்ந்த கோலத்தில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று உண்டு. நிமிர்ந்த முதுகு, தளர்ந்த தோள்கள், மடியில் ஓய்ந்த கைகள். பலமுறை வணங்கிய திருமேனிதான். அன்றுதான் அந்த இருக்கையை ஒரு பாடமாகக் கண்டேன்.

1. பள்ளி என்னும் சொல்

'பள்ளி' என்பதற்குப் படுக்கை என்றொரு பொருள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் வழக்குகளை அறிவோம். துறவோர் தங்குமிடம் என்பது மற்றொரு பொருள். அவ்விடங்களில் கல்வியும் நிகழ்ந்தமையால் கல்விக்கூடமும் பள்ளி எனப்பட்டது என்பர் அறிஞர். உடம்பு ஓயும் இடத்திற்கும் அறிவு வளரும் இடத்திற்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்தது எண்ணத்தக்கது.

இச்சொல்லுக்கு மதுரையைச் சூழ்ந்த குன்றுகளே சான்று. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம், அழகர்மலை முதலிய இடங்களில் இயற்கைக் குகைத்தளங்களைச் செப்பனிட்டுக் கற்படுக்கைகள் வெட்டியுள்ளனர். சிலவற்றில் தலைப்பக்கம் சற்று உயர்ந்து தலையணைபோல் அமைந்திருக்கும். மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையில் நீர்வடி விளிம்பும் செதுக்கப்பட்டிருக்கும். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்பிராமிக் கல்வெட்டில் 'பளி' என்னும் வடிவில் இச்சொல் காணப்படுகிறது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு.

அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர், பொற்கொல்லர் ஆகியோர் பெயர்கள் உள்ளன. உப்பும் கலப்பைக் கொழுவும் துணியும் விற்ற இல்லறத்தார், அறவோர் தங்குமிடத்திற்குப் பொருள் ஈந்தனர். எத்துணை உயர்ந்த கல்வியும் ஓர் உடம்பில் தங்கியே நிகழ வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி சிறந்து விளங்கியது. அதன் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் சமணர் மலை வட்டெழுத்துகளில் காணப்படுகின்றன. அம்மலையின் பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தியடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உண்டு. கற்றவர்கள் கல்லில் விட்டுச்சென்றது நூல்களையன்று. நிலைபெற்ற உடம்பின் வடிவையே. நின்ற கோலம், அமர்ந்த கோலம் ஆகிய இரண்டுமே யோகநிலைகள்.

2. மறை கூறும் வரிசை

இக்காலத்தில் யோகம் என்றால் ஆசனப் பயிற்சி என்றே பலரும் கொள்கின்றனர். தத்துவார்த்த சூத்திரத்திலோ யோகம் என்பது மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் இயக்கத்தைக் குறிக்கும். மூன்றும் இயங்குவன; ஆதலின் மூன்றையும் காத்தல் வேண்டும். மனத்தை மட்டும் காத்து மெய்யைக் கைவிட்டால் அது முழுமையாகாது.

அந்நூல் அகத்தவம் ஆறினை இவ்வரிசையில் கூறுகிறது: பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம். நூலோதுதலாகிய சுவாத்தியாயத்திற்கும் தியானத்திற்கும் நடுவே வியுத்சர்க்கம் நிற்பதை நோக்குக. உடம்பின் மீதுள்ள 'எனது' என்னும் பற்றை விடுதலும் அதனுள் அடங்கும். அதனை நிலைபெறச் செய்யும் பயிற்சியே காயோத்சர்க்கம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். உடம்பை விடச் சொல்லும் சமயம் உடம்பில் இயல்பாக இருக்கச் சொல்லுமா? சொல்லும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் அதனைத் தம் உடைமை என்று எண்ணார். ஆயினும் கூரை ஒழுகவும் விடார். எந்தத் தோள் இறுகியுள்ளது என்றே அறியாதவர் அதனைத் தளர்த்துவது எங்ஙனம்? அறிந்தபின்தான் விடுதல் கைகூடும்.

3. பயிற்சி

(அ) ஒரு சாமாயிகம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். எழுத்துப் பணிக்கும் இதனையே அளவாகக் கொள்க. அதற்கு மேல் தொடர்ந்து அமராமல் எழுந்துவிடுக.

(ஆ) எழுந்தபின் பாதங்களுக்கிடையே நான்கு விரற்கடை விட்டு, கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்க. நெற்றி, தாடை, தோள், வயிறு என ஒவ்வொன்றாக மனத்தால் நோக்கித் தளர்த்துக.

(இ) ஒரு பஞ்ச நமஸ்காரத்திற்கு மூன்று மூச்சு என ஒன்பது முறை ஓதுக, 27 மூச்சாகும். மனம், மொழி, மெய் மூன்றும் ஒன்றுபடும்.

(ஈ) முழங்கால் வலியோ தலைசுற்றலோ உடையவர்கள் நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வது இப்பயிற்சியின் நோக்கமன்று. நோயுற்றோர் மருத்துவரைக் கேட்டுச் செய்க.

4. முடிவுரை

நாலடியாரைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. பாண்டிய நாட்டில் தங்கியிருந்த எண்ணாயிரம் முனிவர் பிரிந்து சென்றபோது, ஆளுக்கொரு பாடலைத் தத்தம் இருக்கையின் கீழ் வைத்துச் சென்றனராம். வரலாறு எதுவாயினும், பாடல் இருந்த இடத்தைப் பாருங்கள்: அவர்கள் உடம்பு அமர்ந்திருந்த இடம்.

என் உரை இன்னும் முடியவில்லை. முன்னைவிட நாளொன்றுக்குக் குறைவாகவே எழுதுகிறேன். ஆனால் எழுதியதை மறுநாள் அடிக்க வேண்டிய தேவை குறைந்துள்ளது. கழுத்து இறுகும்போது அது என்னிடம் ஏதோ கூறுகிறது என்று அறிந்து எழுந்து நிற்கிறேன்.

வீட்டில் சிந்திக்க:

1. நம் இல்லத்தில் படிக்கும் பிள்ளைகள் எவ்வளவு நேரம் எழாமல் அமர்ந்திருக்கின்றனர்?

2. உடம்பைப் பேணுதலுக்கும் உடம்பில் பற்று வைத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. சுவாத்தியாயத்திற்குப் பின் 27 மூச்சு நிற்கும் வழக்கத்தைக் குடும்பமாகத் தொடங்க இயலுமா?

வளர்க அறம்!