பந்து கையை விட்ட பிறகு



தம்பி, பத்தாம் வகுப்பு அறிவியல் நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது, முதல் பாடமான இயக்க விதிகளை மூன்று நாளில் முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடிக்கலாம். நானும் முதல் வருடம் அப்படித்தான் முடித்தேன். மூன்று விதிகளையும் வகுப்பே ஒரே குரலில் ஒப்பித்தது. ஒரு வாரம் கழித்து ரப்பர் பந்து ஒன்றை மேலே எறிந்து, "கையை விட்டு மேலே போகும்போது இதன்மேல் என்னென்ன விசை இருக்கிறது?" என்று கேட்டேன். "உங்க கை கொடுத்த விசை, சார்" என்றார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உட்பட. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பந்து கையை விட்ட கணமே கையின் விசை முடிந்தது. பிறகு அதன்மேல் இருப்பவை கீழே இழுக்கும் புவியீர்ப்பும் கொஞ்சம் காற்றுத் தடையும்தான். பிள்ளைகள் விதியை ஒப்பித்தார்களே தவிர, நம்பவில்லை.

எப்படி நம்புவார்கள்? மிதிப்பதை விட்டால் சைக்கிள் நிற்கிறது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது. ஓட வேண்டுமானால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் உடம்பால் கற்றது. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். அந்த எண்ணத்தை விட்டு வெளியே வர உலகத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று. ஆகவே தப்பாகச் சொல்லும் பிள்ளையை "உட்கார்" என்று அடக்கிவிடாதீர்கள்.

ஒரு கேரம் போர்டைக் கொண்டுபோங்கள். ஸ்ட்ரைக்கரை முதலில் சாக்கின்மேல் சுண்டச் சொல்லுங்கள், பிறகு சிமெண்டுத் தரையில், பிறகு பவுடர் தூவிய போர்டில். சுண்டுவது ஒரே விரல்தான். ஓடும் தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். "இதை நிறுத்துவது எது?" என்று கேளுங்கள். உராய்வு என்பார்கள். "அதுவும் இல்லாவிட்டால்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனத்துக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுங்கள். கலிலியோவும் சாய்தளத்தில் குண்டு உருட்டி இந்தக் கேள்விக்குத்தான் வந்தார். ஒரு சரிவில் இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரம் ஏறுகிறது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த அதிக தூரம் ஓடுகிறது. சரிவே இல்லாமல் தரை மட்டமாகிவிட்டால்? நிறுத்த எதுவும் இல்லாதவரை ஓடிக்கொண்டே இருக்கும். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன் அதையே முதல் விதியாக வைத்தார். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 இன்றும் வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, முன்னே தள்ள எந்த எஞ்சினும் ஓடாமலே. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

நிலைமத்துக்கு இரண்டு டின் போதும். ஒன்றில் மணல் நிரப்பி, மற்றதைக் காலியாக விட்டு, இரண்டையும் கயிற்றில் தொங்கவிடுங்கள். எடையைக் கயிறு தாங்குகிறது. ஆனாலும் பக்கவாட்டில் தள்ளும்போது மணல் டின் முரண்டு பிடிக்கும். ஆட ஆரம்பித்த பின் அதை நிறுத்துவதும் அதே பாடு. நிறை என்றால் என்னவென்று கை உணர்ந்த பிறகு இரண்டாம் விதியின் சமன்பாட்டை எழுதினால் போதும்.

மூன்றாம் விதியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: மாடு வண்டியை இழுக்கிற அளவே வண்டியும் மாட்டை இழுத்தால், வண்டி எப்படி நகரும்? வராவிட்டால் நீங்களே கேளுங்கள். விசையும் எதிர்விசையும் வெவ்வேறு பொருள்மேல் செயல்படுகின்றன; அதனால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. மாட்டின் குளம்பு தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கினால் வண்டி நின்றுவிடுவதை அவர்களே சொல்வார்கள்.

மூன்று நாள் போதாது, தம்பி. எட்டு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். முடித்து ஒரு வாரம் போனதும் பந்தை எறிந்து கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.