கற்பிட்டியில் மறைந்த செபாலயம்

புத்தளக் களப்பின் வாயிலிலே நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இற் கட்டி முடித்தனர். 1659 இல் அவர் அவ்விடத்தைக் கைப்பற்றுமுன், போர்த்துக்கேய யேசு சபைக் குருமாரின் செபாலயமொன்று அங்கிருந்தது. செபாலயத்தை அடுத்துச் சேமக்காலை அமைதல் வழக்காகலின், இரண்டையும் ஒருங்கே தேடுதல் முறையாம். தேடும் நெறியை மாணவர் பொருட்டு ஈண்டுக் கூறுவாம்.

முதற்சான்று ஏடு. லுடோவிசி 1877 இலும், பென்றி லூவிஸ் 1913 இலும் இலங்கைக் கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து நூலாக்கினர். எனினும், அவை எழுத்துள்ள கற்களையே காட்டும். பெயர் பொறிக்கப்படாத ஏழையின் குழியைக் காட்டமாட்டா.

இரண்டாவது சான்று நிலம். கோட்டை மதில் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டது. வாயிலோ மஞ்சட் செங்கல்லாலாகி, மேலே மணிமாடந் தாங்கி நிற்பது. அதனைக் கண்டு பழைய செபாலயத்தின் எச்சம் என மயங்கலாகாது. அஃது ஒல்லாந்தர் கோட்டையின் வாயிலே. கோட்டையினுள்ளும் அவர்க்குத் தேவாலயம் இருந்தது. இடிந்த கட்டடத்தின் கல் வேறு சுவருக்குச் செல்லும். அத்திவாரமும் குழியும் இடம் பெயரா. ஆயின் அவற்றை அகழ்தல், 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அநுமதி பெற்றோர்க்கே உரியது.

மூன்றாவது, காணிப்பெயரும் முதியோர் வாய்மொழியும். மூன்றும் ஒத்தவழியே 'இஃதே இடம்' எனல் தகும்.

பிற சமயத்தார் ஆலயத்தை நாம் தேடுவதேன் எனச் சிலர் வினவலாம். இதே மாவட்டத்து முன்னேசுவரத்தைப் போர்த்துக்கேயர் 1578 இல் இடித்தனர். 1753 இற் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் புதுப்பித்தான். கோயில் இழந்த துயரை அறிந்த நாமே பிறர் புதைகுழியையும் பேணுதற்கு உரியோம்.