உதடு வெடிக்கும் காலம்

தில்லிக்குப் படிக்க வந்த முதல் ஆண்டு, நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேச எழுந்தேன். ‘அம்மா’ என்று தொடங்கியதுமே கீழுதடு பிளந்து இரத்தம் கசிந்தது. பகரமும் மகரமும் இதழிரண்டும் கூடுவதால் பிறப்பவை என்கிறது தொல்காப்பியம். அவ்விரண்டையும் விட்டுத் தமிழில் எப்படிப் பேசுவது? பாதியில் அமர்ந்துவிட்டேன்.

இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையர்க்காக, அதன்பின் கற்றதைச் சொல்கிறேன்.

உதட்டுத் தோல் மிக மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பி இல்லை; எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த காற்றிலோ நீராவி குறைவு. அறையில் ஹீட்டர் போட்டால் இன்னும் வறட்சி. ஆகவே உதடு காய்ந்து வெடிக்கிறது.

நாம் செய்யும் பெருந்தவறு, நாவால் நனைப்பது. எச்சில் உலரும்போது உதடு மேலும் வறளும். அதிலுள்ள செரிமான நொதிகளும் தோலை உறுத்தும். உரியும் தோலைப் பிய்க்கவும் கூடாது.

படுக்கும் முன்பும் வெளியே புறப்படும் முன்பும் வாசலின் தடவுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெயும் உதவும். அது சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். விரலில் தேய்த்தால் உருகும். எரிச்சலூட்டும் வாசனைப் பூச்சுகள் வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது; ஆயினும் தண்ணீர் குடிக்க மறவாதீர்கள்.

வாயோரம் வெடித்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்தோ ரிபோபிளேவின் என்னும் வைட்டமினோ குறைந்திருக்கலாம். பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம்.

மறு பொங்கலன்று நான் தடையின்றிப் பேசி முடித்தேன். வரும் பொங்கலில் உங்கள் பேச்சைக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.