ஊருக்கு ஒரு படி: உலாவிகளின் பொதுச் சோதனைக் களஞ்சியம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர்)

சந்தையில் கடைகள் நான்கு இருக்கலாம். ஆனால் நான்கிலும் படி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தத்தம் விருப்பப்படி படி செய்துகொண்டால் ஏமாறுபவர் வாங்க வந்தவரே. அதனால்தான் அளவைகளுக்கு அரசு முத்திரையிடுகிறது. கணிப்பொறி உலகிலும் இத்தகைய பொதுப்படி ஒன்று தேவைப்பட்டது. அது எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிக்கல் யாது?

இணையப் பக்கங்களை நமக்குக் காட்டும் மென்பொருள் உலாவி எனப்படும். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி எனப் பெயர்கள் பலவாயினும், உள்ளிருந்து இயக்கும் முக்கியப் பொறிகள் பிளிங்க், கெக்கோ, வெப்கிட் ஆகிய மூன்றே. பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட செந்தரங்கள் உண்டு. எனினும் ஒரே விதியை மூவர் மூன்று விதமாகப் பொருள்கொள்ளக் கூடும். அதனால் ஓர் உலாவியில் ஒழுங்காகத் தெரியும் விண்ணப்பப் படிவம், மற்றொன்றில் 'சமர்ப்பி' பொத்தானே இல்லாமல் நிற்கவும் கூடும். நட்டம் விண்ணப்பிப்பவருக்கே.

முதல் முயற்சிகள்

1998-இல் 'ஆசிட்' என்னும் சோதனைப் பக்கம் வெளிவந்தது. 2005-இல் வந்த இரண்டாவது ஆசிட், உலாவி சரியாக வரைந்தால் சிரித்த முகமொன்றைக் காட்டும். 2008-இல் வந்த மூன்றாவது, நூற்றுக்கு மதிப்பெண் இட்டது. இவை நல்ல போட்டியை உண்டாக்கின. ஆயினும் ஒரு பக்கத்தில் அடங்குபவை சில கூறுகளே. நூறு வினாக்களுக்கு மட்டும் விடை படித்தவன் பாடம் முழுவதையும் கற்றவன் ஆகான் அல்லவா?

பொதுக் களஞ்சியமும் அதன் விதிகளும்

இக்குறையைப் போக்க வளர்ந்ததே 'வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்' என்னும் களஞ்சியம். கிட்ஹப் தளத்தில், எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்துடன், பல பத்தாயிரம் சோதனைக் கோப்புகள் அதில் உள்ளன. அதன் ஒழுங்கை நான்கு விதிகளாகச் சுருக்கலாம்.

1. செந்தரம் ஒவ்வொன்றிற்கும் தனி அடைவு. எந்தச் சோதனை எந்த விதியைச் சார்ந்தது என்பது இதனால் எளிதில் விளங்கும்.

2. சோதனை தானே இயங்கித் தானே தீர்ப்புக் கூற வேண்டும். ஒருவகைச் சோதனை, நிரல் தரும் விடையைச் சரிபார்க்கும். மற்றொருவகை, ஒரே தோற்றம் தர வேண்டிய இரு பக்கங்களைப் படமெடுத்து ஒப்பிடும்.

3. போக்கும் வரவும் உண்டு. உலாவி நிறுவனத்தார் தம் வீட்டில் எழுதும் சோதனை பொதுக் களஞ்சியத்திற்குச் செல்லும். பிறர் எழுதியது அவர்தம் வீட்டிற்கு வரும். ஒருவர் உழைப்பு அனைவருக்கும் பயன்படும்.

4. தத்தம் தோல்விப் பட்டியல் தத்தம் வீட்டிலேயே இருக்க வேண்டும். 'எங்கள் உலாவி இதில் இன்னும் தேறவில்லை' என்னும் குறிப்பைப் பொதுச் சோதனைக்குள் எழுதலாகாது.

நான்காம் விதியே இவ்வமைப்பின் உயிர்நாடி என்பது என் கருத்து. எடைக்கேற்பப் படியைத் திருத்தத் தொடங்கினால் பிறகு அது படியன்று. சோதனை சொல்ல வேண்டியது செந்தரம் சொல்வதை மட்டுமே. எல்லா உலாவிகளும் ஒருசேரத் தோற்றால் சோதனையே பிழையாகவோ விதியே தெளிவற்றதாகவோ இருக்கலாம். அப்போது விதியை எழுதியவர்களிடமே வழக்குச் செல்லும்.

2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா முதலிய போட்டியாளர்கள் 'இன்டராப்' என்னும் பெயரில் ஆண்டுதோறும் சில துறைகளைத் தேர்ந்து, இச்சோதனைகளைக் கொண்டே தம் குறைகளைக் களைந்து வருகின்றனர்.

நமக்கு இதில் என்ன?

'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோட் முறையில் 'க'வின் பின் வரும் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது விதி. ஒருவகையில் எழுதிய பக்கத்தையும் மறுவகையில் எழுதிய பக்கத்தையும் ஒப்பிட்டால் ஒரு சோதனை ஆயிற்று. கால் பிரிந்து தனியே நின்றால் தமிழறியாத பொறியாளர் கண்ணுக்கு அது பிழையாகத் தோன்றாது. நமக்கோ பார்த்தவுடன் உறுத்தும்.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கைபேசியில் தமிழை மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் என்னைப் போன்றோர் வீடுகளில் உள்ளனர். எழுத்துச் சிதைந்தால், தமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்; மென்பொருளின் குற்றம் என்று எண்ணமாட்டார்கள். அவர்கள் சார்பாக முறையிட வேண்டியவர்கள் நாமே. முறையீடு வாய்ச்சொல்லாக இருந்தால் காற்றோடு போகும். பத்து வரிச் சோதனையாக இருந்து, பொதுக் களஞ்சியத்தில் சரிபார்த்துச் சேர்க்கப்பட்டால், அதன்பின் வரும் பதிப்புகளையும் அது விடாது வினவிக்கொண்டிருக்கும்.

மாணவ நண்பர்களே! மென்பொருள் ஆக்கப் பெருநிறுவனம் வேண்டியிருக்கலாம். அதனை அளக்க நமக்கு வேண்டியவை மொழியறிவும் சிறிது நிரலறிவும் பொறுமையுமே. அம்மூன்றையும் இவ்வகுப்பறைகளிலேயே பெற முடியும்.