நெஞ்சுவலியோடு கப்பலுக்குக் காத்திருக்கலாமா?

லிட்டில் அந்தமான் தீவிலுள்ள ஹட் பேயில் வங்கிப் பணியும் கப்பல் அட்டவணையை ஒட்டியே நடைபெறும். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருக்குக் கப்பல் புறப்படுவதற்கு முன்தினம் கவுண்டரில் கூட்டம் கூடிவிடும். அத்தகைய ஒரு நாளில், ஓய்வூதியம் பெற வந்த வாடிக்கையாளர் ஒருவர் மார்பின் நடுவே கனமாக இருப்பதாகக் கூறி இருக்கையில் அமர்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது, இடது தோளும் வலித்தது. “வாயுத் தொல்லைதான் சார். நாளைக்குக் கப்பல்ல போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துக்கிறேன்” என்றார். நாங்களும் அதை நம்பிச் சோடா வரவழைத்துக் கொடுத்தோம். அது எங்கள் தவறு. அரைமணி நேரம் சென்ற பின்னரே, சக ஊழியர் ஒருவர் அவரை ஆட்டோவில் ஏற்றி உள்ளூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இ.சி.ஜி. எடுத்ததில் மாரடைப்பு என்பது உறுதியாயிற்று.

அந்த அரைமணி நேரத்தில் அவருடைய இதயத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? வணிகவியல் படித்த எங்களுக்கு மருத்துவம் புதிது. எனினும் அன்று முதல் இதைப் படித்தறிய முற்பட்டோம்.

இதயத்தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஒன்றின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை முழுவதும் ஒரே நொடியில் இறந்துவிடுவதில்லை. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் உள்ளடுக்கு இறக்கத் தொடங்கும். பின்னர் அச்சேதம் மணிக்கு மணி வெளியடுக்கை நோக்கி அலைபோல் நகரும். நாய்களிடம் செய்த சோதனைகளின் மூலம் ரெய்மர், ஜென்னிங்ஸ் ஆகிய அறிஞர்கள் 1977-இல் இதனைத் தெளிவுபடுத்தினர். இறந்த தசை மீண்டும் வளராது. அங்கே தழும்பே உருவாகும். தழும்பால் சுருங்கி விரிய இயலாது. மாரடைப்பிலிருந்து உயிர் பிழைத்தவர் சிலர், சில ஆண்டுகள் கழித்து நான்கு படி ஏறினாலே மூச்சிரைக்க நிற்பது இதனால்தான்.

ஆகவே மருந்தின் வேலை, அலை வெளியடுக்கை எட்டுமுன் குழாயைத் திறப்பது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை உறைகட்டி மேலும் வளராமல் தடுக்கின்றன. ஏற்கெனவே உருவான கட்டியைக் கரைப்பவை வேறு மருந்துகள். அவற்றில் மூத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். தொண்டைப்புண்ணை உண்டாக்கும் கிருமியிடமிருந்து கிடைக்கும் பொருள் அது என்பது வியப்புக்குரியது. சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் அதனை உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை உருவாக்கியது. அதன்பின் வந்த டெனெக்டிபிளேஸ், உடல் எடைக்கேற்ப ஒரே ஊசியாகச் சில நொடிகளில் செலுத்தப்படுவது.

இவற்றின் பயன் பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டதாகும். 1986-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றோரிடம் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் கடக்கக் கடக்கப் பலன் தேய்ந்தது. 1988-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 17,187 நோயாளிகள் பங்கேற்றனர். ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர், எம்மருந்தும் பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துப் பெற்றவர்களில் 8 பேர்.

ஆஞ்சியோபிளாஸ்டி இதைவிடச் சிறந்ததன்றோ எனச் சிலர் கேட்பர். உண்மைதான், ஆனால் நோய் கண்டறியப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அது கிட்ட வேண்டும். கடலில் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நமக்கு அது எளிதா? எட்டாத இடங்களில் முதலில் உறைகட்டியைக் கரைக்கும் மருந்து, பின்னர் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் என்பதே ஏற்கப்பட்ட வழி. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முதலியோர் இவ்வழியைச் சோதித்தனர். சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் ஆம்புலன்ஸ் வாயிலாக இணைத்து, 2,420 நோயாளிகளைக் கவனித்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். 2023 முதல் தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன.

ஆபத்தும் இல்லாமலில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்தால் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ மூளையில் இரத்தக்கசிவு நேரலாம். எனவேதான், முன்பு பக்கவாதம் வந்ததா, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, தலையில் அடிபட்டதா என மருத்துவர் அடுக்கடுக்காகக் கேட்கிறார். அதனைத் தாமதம் என எண்ணிச் சினம் கொள்ளற்க. எல்லா வகை மாரடைப்புக்கும் இம்மருந்து பொருந்தாது, இ.சி.ஜி.யே அதனைத் தீர்மானிக்கும். சட்டைப்பையில் சார்பிட்ரேட் வைத்திருப்போர் பலர் நம்மிடையே உண்டு. அது வலியைத் தணிக்கலாம், கட்டியைக் கரைக்காது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்குத் தீங்கும் செய்யும்.

மார்பில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியன தோன்றினால், போர்ட் பிளேரை நினையாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்க. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியின்றி மூச்சுத்திணறலோ அயர்வோ மட்டும் வரக்கூடும். தாமே வண்டி ஓட்டிச் செல்லுதல் வேண்டா. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்க. மருத்துவர் முதலில் கேட்பது அதனைத்தான்.

எங்கள் தொழில் சார்ந்து ஒன்று கூறுவோம். கணவர் மருத்துவமனையில் இருக்க, கணக்கு அவர் பெயரில் மட்டுமே இருந்தமையால், பயணச் செலவுக்குப் பணம் எடுக்க இயலாமல் கவுண்டர் முன் கலங்கி நின்ற மனைவியரைக் கண்டிருக்கிறோம். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கிக்கொள்ள விண்ணப்பமும் இருவரின் அடையாளச் சான்றுகளும் போதும்.

அந்த ஓய்வூதியர் சிகிச்சை முடித்து இரண்டு மாதங்கள் கழித்து வந்தார். முன்போல் வேகமாக நடக்க முடியவில்லை என்றார். அவருடைய பாஸ்புத்தக உறைக்குள் இப்போது இ.சி.ஜி. நகலும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் மடித்து வைக்கப்பட்டுள்ளன.