மருந்து தரும் இயந்திரமும் மறக்கலாகாத விதிகளும்

முன்னுரை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளவு மிஞ்சினால் மட்டுமன்று, ஆள் மாறினாலும் பெயர் மாறினாலும் மருந்து நஞ்சாகிவிடும். இதை எனக்கு முதலில் உணர்த்தியது எங்கள் வீட்டிலுள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அதில் கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் உண்டு. ஞாயிறுதோறும் பாட்டியின் மாத்திரைகளை அதில் நிரப்புவது என் வேலை. ஒருமுறை தங்கையோடு பேசிக்கொண்டே நிரப்பியதில், செவ்வாய்க்கிழமை அறையில் சர்க்கரை மாத்திரையை இரண்டாகப் போட்டுவிட்டேன். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டேன். செவ்வாய் காலையில் பாட்டி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, "என்னடி, வெள்ளையே ரெண்டு இருக்கு, மஞ்சளைக் காணோமே?" என்றார்கள். நான் வெட்கித் தலைகுனிந்தேன். பாட்டி பார்க்காமல் விழுங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

இயந்திரம் இயங்கும் விதம்

பாட்டியின் பெட்டியைப் போன்றதே மருத்துவமனைகளில் உள்ள தானியங்கி மருந்து அலமாரியும். ஆனால் இது பீரோ அளவு பெரியது, கணினியுடன் இணைந்தது. 1980களின் இறுதியிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளில் இது பரவத் தொடங்கியது. மருந்தகப் பணியாளர் இதன் இழுப்பறைகளில் மருந்தை நிரப்புவார். மருத்துவர் எழுதிய மருந்தை மருந்தாளுநர் சரிபார்த்த பிறகு, அது நோயாளியின் பெயரின் கீழ் திரையில் தோன்றும். செவிலியர் தம் பாஸ்வேர்டையோ கைரேகையையோ கொடுத்து, நோயாளியையும் மருந்தையும் தேர்ந்தெடுத்தால், உரிய இழுப்பறை திறக்கும். யார், எப்போது, எத்தனை எடுத்தார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். நள்ளிரவிலும் மருந்துக்காக மருந்தகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

இத்தனை நன்மைகள் இருந்தும் ஒரு குறை உண்டு. இன்ன மருந்துக்கு இன்ன இழுப்பறை என்பதுதான் அலமாரிக்குத் தெரியும். அதற்குள் உண்மையில் எது இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அது சொல்லாது. ஆகவே வைக்கும் கை தவறினாலும் ஆபத்து. எடுக்கும் கை தவறினாலும் ஆபத்து. இதற்கு அமெரிக்காவில் நடந்த இரு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

வைக்கும் கை

2006 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் அலமாரியில் ஹெப்பரின் என்னும் மருந்து நிரப்பப்பட்டது. இரத்தம் உறையாமல் காப்பது இம்மருந்து. குழந்தைகளுக்கு உரியது மில்லிலிட்டருக்கு 10 யூனிட் வீரியமுள்ளது. வைக்கப்பட்டதோ 10,000 யூனிட் வீரியமுள்ளது. அதாவது ஆயிரம் மடங்கு! இரண்டும் ஒரே அளவுக் குப்பிகள். இரண்டின் லேபிளும் நீல நிறம், ஒன்று சற்று வெளிர், ஒன்று சற்று அடர்த்தி. வழக்கமான இழுப்பறை திறந்தது. வழக்கமான மருந்துதான் என்று நம்பி எடுத்தார்கள். ஆறு குழந்தைகளுக்கு அம்மருந்து சென்றது. மூன்று குழந்தைகள் இறந்தன.

எடுத்தவர் ஒருவர் அல்லர், செவிலியர் பலர். ஒருவர்கூட அலட்சியமாக இருக்க நினைத்திருக்க மாட்டார். இழுப்பறையை நம்பினார்கள், லேபிளைப் படிக்கவில்லை.

எடுக்கும் கை

இரண்டாவது நிகழ்ச்சி, 2017 டிசம்பர் 26 அன்று நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்தது. ஸ்கேன் எடுக்கப் பயந்த 75 வயது மூதாட்டிக்கு, மனம் அமைதியடைய வெர்செட் என்னும் மருந்தை மருத்துவர் எழுதியிருந்தார். செவிலியர் அலமாரியில் அப்பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் தட்டினார். அலமாரியோ மருந்தின் பொதுப்பெயரைக் கொண்டு தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. வெர்செட்டின் பொதுப்பெயர் மிடசோலம். ஆகவே அது வரவில்லை. உடனே அவர் ஓவர்ரைடு என்னும் அவசர வழியைப் பயன்படுத்தினார். மருந்தாளுநர் சரிபார்க்கும் முன்பே மருந்தை எடுக்க உதவும் வழி அது. அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. அது தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடும் மருந்து. வெர்செட் திரவம், இதுவோ தூள். மூடியில் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. இருந்தும் அது ஊசியில் ஏறிவிட்டது. மறுநாள் அம்மூதாட்டி இறந்தார்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

மருந்துப் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஐ.எஸ்.எம்.பி. என்னும் அமெரிக்க நிறுவனம், இவ்வலமாரிகளுக்கென 2019-இல் வழிகாட்டி விதிகளை வெளியிட்டது. இத்துறையில் வற்புறுத்தப்படும் முக்கிய விதிகள் சில வருமாறு:

1. மருந்தை நிரப்பும்போது பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்தான மருந்துகளை இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும்.

2. ஒத்த பெயரும் ஒத்த தோற்றமும் உள்ள மருந்துகளை அருகருகே வைக்கலாகாது. மூச்சை நிறுத்தும் மருந்துகளைத் தனியே பூட்டிவைக்க வேண்டும்.

3. பெயரைத் தேடும்போது குறைந்தது ஐந்து எழுத்துகளேனும் தட்ட வேண்டும்.

4. அவசர வழியை உண்மையான அவசரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்கு உரியதை மட்டுமே எடுக்க வேண்டும். எடுத்தவுடன் லேபிளைப் படிக்க வேண்டும். நோயாளியின் அருகில் சென்று மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

6. பயன்படாமல் மிஞ்சிய மருந்தை நாமே இழுப்பறையில் திரும்ப வைக்கலாகாது. அதற்கென உள்ள பெட்டியில் போட்டால் மருந்தகத்தார் பார்த்து வைப்பர்.

7. ஒருவர் பாஸ்வேர்டை மற்றவர்க்குத் தருதல் கூடாது.

இவற்றுள் கடினமானது எதுவுமில்லை. ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளே ஆகும். ஆனால் அவசரத்தில் முதலில் நாம் விட்டுவிடுவது அந்தச் சில நொடிகளைத்தான்.

முடிவுரை

நாஷ்வில் செவிலியர் தம் தவற்றை மறைக்கவில்லை, அறிந்தவுடன் ஒப்புக்கொண்டார். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. "உண்மை சொன்னவரைக் குற்றவாளியாக்கினால் இனி யார் உண்மை சொல்வார்?" என்று செவிலியர் பலர் கலங்கினர். ஆனால் தாயை இழந்த குடும்பத்தின் துயரமும் சிறிதன்று. இரண்டையும் எண்ணும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தவறு நேர்ந்தபின் நீதி தேடுவதைக் காட்டிலும், தவறு நேரும் முன் ஒருமுறை நின்று பார்ப்பது எளிது. நேர்ந்துவிட்டாலோ, உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லப்பட்ட தவறுகளிலிருந்துதான் மேற்சொன்ன விதிகள் பிறந்தன.

அன்புத் தோழியரே! நம்முள் பலர் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் வர ஆசைப்படுகிறோம். நாம் பணிக்குச் செல்லும் நாளில் இன்னும் திறமையான இயந்திரங்கள் வந்திருக்கும். அவை திறக்கும் இழுப்பறையை நன்றியுடன் ஏற்போம். ஆனால் லேபிளை நாமே படிப்போம்.

இப்போதும் ஞாயிறுதோறும் பாட்டியின் பெட்டியை நான்தான் நிரப்புகிறேன். நிரப்பும்போது பேசுவதில்லை. பாட்டியோ ஒவ்வொரு நாளும் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணிப் பார்த்த பிறகே விழுங்குகிறார்கள். என்மீது நம்பிக்கை இல்லாததாலன்று, அதுதான் விதி.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி