ஒரே ஃபங்ஷன் போதுமா?

கேள்வி: போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்சாலை ஒன்றில் அளவுப் பதிவுக்குக் கோ மொழியில் நிரல் எழுதுகிறேன். முழு எண்ணுக்கும் தசமத்துக்கும் சராசரி காண ஒரே ஃபங்ஷன் போதாதா?
– வாசகர், போசரி, புணே

பதில்: போதும். 2009-ல் வெளியான கோவுக்கு, ஒரே ஃபங்ஷனைப் பல டைப்புகளுக்கும் எழுத உதவும் ஜெனரிக்ஸ் வசதி வந்தது 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில்தான். ஜாவாவுக்கு 2004-லேயே கிடைத்துவிட்டது. கணினி அறிஞர் ராபின் மில்னர் 1978-லேயே இதற்குக் கோட்பாடு எழுதிவிட்டார். கோக்காரர்களுக்கு நிதானம் அதிகம்!

ஃபங்ஷன் பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் டைப்புக்கு ஒரு பெயரும், எந்தெந்த டைப் வரலாம் என்ற நிபந்தனையும் கொடுங்கள். பொருந்தாததைக் கம்பைலரே மறுத்துவிடும். எந்த டைப்பையும் ஏற்கும் வெற்று இன்டர்ஃபேஸில் எழுதினால் அதே பிழை நிரல் ஓடும்போது, ஷிஃப்ட் நடுவில்தான் வெடிக்கும்.

ஒரு பொறி உண்டு: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி உதிர்ந்துவிடும். கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் முதலில் ஃப்ளோட்டாக மாற்றிவிட்டு வகுங்கள்.